திப்பு சுல்தானும் திங்கட் கணக்கும்

நாடாண்ட மன்னர்தம் வாழ்க்கையை எழுதப் புகுவோர் அவர்களுடைய போர்களையும் வெற்றி தோல்விகளையும் முன்னிறுத்துவது வழக்கம். மைசூர் மன்னர் திப்பு சுல்தானைப் பற்றியும் அவ்வாறே ஏராளமான நூல்கள் எழுந்துள்ளன. அவரைப் போற்றுவோரும் உளர், தூற்றுவோரும் உளர். அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவது ஈண்டு நம் நோக்கமன்று. அவர் வெளியிட்ட காசு ஒன்றைக் கையிலெடுத்து, அதில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டெண் எழுப்பும் வினாவின் வழியே அவர்தம் வாழ்வைக் காண விழைகின்றோம். கோயம்புத்தூர், சத்தியமங்கலம், ஈரோடு, தாராபுரம் என நம் கொங்கு மண்டலத்தின் பெரும்பகுதி 1799 வரை அவருடைய ஆட்சிக்குள் அடங்கியிருந்தது. ஆதலின் இவ்வினா நமக்கு அயலான ஒன்றன்று.

வினா இதுதான். 1786ஆம் ஆண்டில் திப்பு அச்சிட்ட காசுகளில் ஹிஜ்ரி 1200 என்ற எண் உள்ளது. அடுத்த ஆண்டாகிய 1787இல் வெளிவந்த காசுகளிலோ 1215 என்ற எண் காணப்படுகிறது. கழிந்தது ஓர் ஆண்டு. ஏறியது பதினைந்து ஆண்டு. அதுமட்டுமன்று, புதிய எண்ணின் இலக்கங்கள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அறியாதார் அதனை 5121 எனப் படித்துத் திகைப்பர். இம்மாற்றத்தின் காரணத்தை உணர வேண்டுமாயின், திங்களை அடிப்படையாகக் கொண்ட ஆண்டுக் கணக்கின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

பிறையும் பயிரும்

ஒரு பிறை தோன்றி, வளர்ந்து, தேய்ந்து, மறுபிறை தோன்றும் வரை ஏறத்தாழ 29 நாள் 12 மணி 44 நிமிடம் ஆகிறது. அதனால்தான் திங்கட் கணக்கில் மாதங்கள் 29 நாளாகவோ 30 நாளாகவோ அமைகின்றன. அத்தகைய பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் 354 நாளும் சில மணி நேரமும் வரும். கதிரவனின் ஆண்டோ 365 நாளும் ஏறக்குறைய ஆறு மணி நேரமும் கொண்டது. இரண்டிற்கும் இடையே ஆண்டுதோறும் பதினொரு நாள் வேறுபாடு விழுகிறது. ஆகவே தூய திங்கள் ஆண்டின் மாதங்கள் பருவந்தோறும் பின்னோக்கி நகர்ந்துகொண்டே செல்லும். ரமளான் நோன்பு கோடையில் வந்து, மெல்ல நகர்ந்து, மார்கழிப் பனியிலும் வருவதை நம் வாழ்நாளிலேயே காண்கின்றோம். 32 கதிராண்டுகள் கழியுமுன் 33 திங்களாண்டுகள் கழிந்துவிடுகின்றன.

ஹிஜ்ரிக் கணக்கு இத்தகைய தூய திங்கட் கணக்காகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த 622ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, கலீபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக்காலத்தில், ஏறத்தாழ 638இல், இதனை முறைப்படுத்தினார்கள். திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் மாதங்கள் பன்னிரண்டே என வரையறுத்து, மாதங்களை விருப்பம்போல் தள்ளிவைக்கும் பழைய அரபு வழக்கத்தைக் கண்டிக்கிறது. எனவே பருவத்தோடு இசைவதற்காக ஒரு மாதத்தைக் கூட்டுதல் இக்கணக்கில் இல்லை. நோன்பும் ஹஜ்ஜும் எல்லாப் பருவங்களிலும் மாறி மாறி வருவதால், வெப்பநாட்டார்க்கும் குளிர்நாட்டார்க்கும் அவை ஒருசேர எளிதாகவும் அரிதாகவும் அமைகின்றன. வணக்கத்திற்கு இக்கணக்கு மிகப் பொருந்தியது என்பதில் ஐயமில்லை.

ஆயின் பயிர் பிறையைப் பார்த்து விளைவதில்லை. ஆடிப் பட்டத்தில் விதைத்தவன் தையில்தான் அறுப்பான். நிலவரியை ஹிஜ்ரி ஆண்டின்படி கேட்டால், 32 அறுவடை கண்ட உழவன் 33 ஆண்டு வரி செலுத்த நேரும். இவ்விடர்ப்பாட்டை முஸ்லிம் பேரரசுகள் யாவும் உணர்ந்திருந்தன. 1079இல் சல்ஜூக் மன்னர் மாலிக் ஷாவின் காலத்தில், உமர் கய்யாம் முதலிய வானநூலார் ஜலாலி என்னும் கதிராண்டை வகுத்தனர். பேரரசர் அக்பர் 1584இல் இலாஹி ஆண்டை நிறுவினார். தக்காணத்தில் 1636ஆம் ஆண்டளவில், ஷாஜஹானின் காலத்தில், பசலி என்னும் அறுவடை ஆண்டு வழக்கிற்கு வந்தது. திப்புவும் இம்மரபில் வந்தவரே. எனினும் அவர் தேர்ந்த வழி இவர்கள் யாவருடைய வழியினின்றும் வேறுபட்டது.

இளமையும் அரியணையும்

திப்பு 1750 நவம்பர் 20ஆம் நாள் தேவனஹள்ளியில் பிறந்தார் என்பது மரபான செய்தி. தந்தையார் ஹைதர் அலி. அன்னையார் பாத்திமா பக்ருன்னிசா. ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா அவர்களின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினர். தமிழ் மண்ணின் இறைநேசர் ஒருவரின் பெயரைத் தாங்கியவர் அவர் என்பது நினைவில் இருத்தத் தக்கது. படைத்தலைவராக உயர்ந்து மைசூரின் ஆட்சியைக் கைக்கொண்ட ஹைதர் அலி எழுத்தறிவு பெறாதவர். அக்குறை தம் மகனுக்கு நேரலாகாது எனக் கருதிய அவர், சிறந்த ஆசிரியர்களை அமர்த்தினார். பாரசீகமும் அரபும் சமய நூல்களும் கற்ற திப்பு, பின்னாளில் ஏறத்தாழ இரண்டாயிரம் சுவடிகள் கொண்ட நூலகத்தை உருவாக்கினார். அதன் அட்டவணையைச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேயர் 1809இல் வெளியிட்டார்.

இளமையிலேயே போர்க்களம் கண்ட திப்பு, 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை வீழ்ந்த போரில் பெரும்பங்கு கொண்டார். 1782 டிசம்பர் 7ஆம் நாள், ஹிஜ்ரி 1197ஆம் ஆண்டின் வாயிலில், ஹைதர் அலி சித்தூரை அடுத்த பாசறையில் காலமானார். அப்போது திப்பு மலபாரில் படைநடத்திக் கொண்டிருந்தார். செய்தியறிந்து விரைந்து சென்று ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். போர் தொடர்ந்து நடந்து, 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு முடிவுற்றது.

அமைதி கிட்டிய அந்த ஆண்டிலேயே அவர் காலக் கணக்கில் கைவைத்தார். அளவை, நிறுவை, காசு, மாதம் எனக் குடிமக்கள் நாளும் புழங்கும் ஒவ்வொன்றையும் புதிதாக ஒழுங்குபடுத்த வேண்டும் என்னும் வேட்கை அவரிடம் இருந்தது. வானத்தின்பால் அவருக்கிருந்த ஈடுபாட்டைச் செப்புக் காசுகளின் பெயர்களே காட்டும். வெள்ளிக்கோளின் பெயரால் ஸுஹ்ரா, செவ்வாயின் பெயரால் பஹ்ராம், விண்மீனின் பெயரால் அக்தர், துருவமீனின் பெயரால் குத்பு என அவை அழைக்கப்பட்டன. நம் சத்தியமங்கலமும் அவர் அக்கசாலைகளுள் ஒன்றாகும் என்றும், காசுகளில் வரும் சலாமாபாத் என்னும் பெயர் அதனையே குறிக்கும் என்றும் நாணய ஆய்வாளர் கருதுவர்.

எழுத்தே எண்ணாக

திப்புவின் ஆட்சிப்பகுதியில் அன்று பல கணக்குகள் வழங்கின. முஸ்லிம்கள் ஹிஜ்ரியைப் பின்பற்றினர். கன்னடரும் தெலுங்கரும் யுகாதியில் ஆண்டு தொடங்கும் சாந்திரமானத்தைக் கைக்கொண்டனர். அது திங்கள் மாதங்களைக் கொண்டதே. எனினும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைக் கூட்டிப் பருவத்தோடு இசைந்துகொள்வது. 19 ஆண்டுகளில் ஏழு மாதங்களைக் கூட்டினால் திங்களும் கதிரும் ஏறத்தாழ ஒத்துவரும். கொங்குத் தமிழரோ கதிரவன் மேட ராசியில் புகும் நாளைச் சித்திரை முதல் நாளாகக் கொண்டனர். கணக்குகள் வேறாயினும், பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதாண்டு வட்டம் தமிழர்க்கும் கன்னடர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவாக இருந்தது.

திப்பு இந்த அறுபதாண்டு வட்டத்தையும் சாந்திரமான ஆண்டின் அமைப்பையும் அப்படியே ஏற்றுக்கொண்டார். யுகாதியை ஒட்டியே அவர் ஆண்டு பிறந்தது. அதிக மாதமும் அதில் இடம்பெற்றது. எலும்புக்கூடு இம்மண்ணின் பஞ்சாங்கம். அதற்கு அவர் போர்த்திய மேனி மட்டுமே அரபு, பாரசீகச் சொற்களால் ஆனது.

அப்பெயர்களை அமைத்த விதம் நுட்பமானது. அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு என்பதை நம் மாணவர் அறிவர். அப்ஜத் என்னும் பழைய முறையில் அலிப் 1, பே 2, ஜீம் 3, தால் 4 எனத் தொடரும். ஆண்டின் பெயரிலுள்ள எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால், அறுபதாண்டு வட்டத்தில் அதன் வரிசை எண் கிடைக்குமாறு திப்புவின் அவையினர் பெயரிட்டனர். எடுத்துக்காட்டாக, 1786இல் தொடங்கிய ஆண்டு வட்டத்தில் நாற்பதாவதாகிய பராபவ. அதற்கு அவர்கள் இட்ட பெயர் தல்வ்: தால் 4, லாம் 30, வாவ் 6, ஆகக் கூடுதல் 40. மாதங்களும் அவ்வாறே. முதல் மாதம் அலிப் எழுத்தில் தொடங்கும் அஹ்மதி. இரண்டாவது பே எழுத்தில் தொடங்கும் பஹாரி. மூன்றாவது ஜீம் எழுத்தில் தொடங்கும் ஜஃபரி.

மூன்றாண்டுகள் கழியுமுன்னரே திப்பு இதனையும் மாற்றினார். 1786இல் அவர் பாதுஷா என்னும் பட்டத்தை ஏற்றார். தில்லிப் பேரரசின் பெயரைத் தாங்காத தனியரசுக்குத் தனியான ஆண்டெண்ணும் வேண்டும் என அவர் கருதினார் எனலாம். 1787இல் ஹிஜ்ரத்தை விடுத்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பைத் தொடக்கமாகக் கொண்ட மவுலூதி ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நபிகளாரின் பிறப்பு 571ஆம் ஆண்டை ஒட்டியது. அங்கிருந்து கதிராண்டுகளாக எண்ணினால் 1787 என்பது 1215ஆகும். காசிலுள்ள எண் பதினைந்து ஆண்டு தாவியதன் காரணம் இதுவே. தொடக்கம் ஐம்பது ஆண்டு முன்னே சென்றது. ஆயினும் திங்களாண்டைவிடக் கதிராண்டு நீளமானது ஆதலின், தாவல் பதினைந்தோடு நின்றது.

எழுத்தின் மதிப்புகளும் அப்போது மாறின. அப்ஜத் முறைக்கு மாற்றாக, இன்று மதரசாக்களில் பிள்ளைகள் ஓதும் நெடுங்கணக்கு வரிசையில் அலிப் 1, பே 2, தே 3, ஸே 4, ஜீம் 5 என எண்ணும் அப்தஸ் முறை கொண்டுவரப்பட்டது. மூன்றாம் மாதத்தின் பெயர் தகீ ஆயிற்று; ஜஃபரி ஐந்தாம் மாதமாகத் தள்ளப்பட்டது. 1791இல் தொடங்கிய விரோதகிருது ஆண்டு வட்டத்தில் 45ஆவது. அதன் புதுப்பெயர் ஸபர்ஜத்: ஸா 20, பே 2, ரே 10, ஜீம் 5, தால் 8, ஆகக் கூடுதல் 45. காசிலுள்ள சொல்லும் எண்ணும் ஒன்றையொன்று சரிபார்த்து நிற்கும் இவ்வமைப்பை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

இப்புதிய கணக்கு அரசாங்க அலுவலுக்கு உரியது. அமில்தார்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் சென்ற ஆணைகள் அந்நாட்களையே தாங்கின. திப்பு தம் கைப்பட எழுதிவைத்த கனவுக் குறிப்பேட்டிலும் 37 கனவுகளுக்கு அக்கணக்கின்படியே நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஆட்சிக்கு மட்டுமன்றித் தம் அந்தரங்கத்திற்கும் அவர் அதனைக் கைக்கொண்டார் என்பது இதனால் விளங்கும். நோன்பையும் பெருநாட்களையும் வரையறுக்கும் உரிமையோ ஹிஜ்ரிப் பிறைக்கே உரியதாக நின்றது. வணக்கத்திற்கு ஒரு கணக்கு, வரிக்கு ஒரு கணக்கு எனப் பிரித்து வைத்ததால், திங்கட் கணக்கில் மாதம் கூட்டலாகாது என்னும் மார்க்க நெறியும், விளைச்சலைப் பார்த்து வரி கேட்க வேண்டும் என்னும் ஆட்சி நெறியும் தத்தம் எல்லையில் நின்றன.

கொங்கு மண்ணில்

புதிய நாட்காட்டி வேரூன்றக் காலம் வாய்க்கவில்லை. 1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. ஜெனரல் மெடோஸ் தலைமையில் ஆங்கிலப்படை கோயம்புத்தூரைக் கைப்பற்றியது. திப்பு கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கிவந்து, அவ்வாண்டு செப்டம்பரில் சத்தியமங்கலத்தை ஒட்டிக் கர்னல் பிளாய்டின் படையைத் தாக்கிப் பின்வாங்கச் செய்தார். மறு ஆண்டு கோவைக் கோட்டை முற்றுகைக்குள்ளாயிற்று. அதனைக் காத்துநின்ற சால்மர்ஸ் 1791 நவம்பரில் மைசூர்ப் படையிடம் பணிந்தார். இன்று கோட்டைமேடு என்னும் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கும் அக்கோட்டையைச் சுற்றி அன்று நடந்தவை இவை.

இரு படைகளும் மாறிமாறிக் கடந்த நிலத்தில் உழவர் பட்ட துயரை நாம் மறத்தலாகாது. விதைக்கும் பருவத்தில் படை வந்தால் விதைப்பில்லை. அறுக்கும் பருவத்தில் வந்தால் அறுப்பில்லை. அந்நிலையில் ஆண்டின் பெயர் ஷிதா ஆயினும் சாதாரண ஆயினும் குடியானவனுக்கு ஒன்றே. அமில்தாரின் ஓலையில் அஹ்மதி, பஹாரி என நாள் எழுதப்பட்டபோதும், நொய்யல் கரையிலும் பவானிக் கரையிலும் உழவர் சித்திரை, வைகாசி என்றே எண்ணினர். அவர்களுடைய கதிர்க்கணக்கு முன்னரே பயிரோடு இசைந்திருந்தது. புதிய கணக்கினால் அவர்கள் பெறுவது எதுவுமில்லை.

1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் ஆங்கிலேயர் வசமாயின. கோயம்புத்தூர் அவரிடமே எஞ்சியது. இழப்பீடாக மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. அதற்குப் பிணையாகத் தம் இளஞ்சிறார் இருவரை அவர் ஒப்படைத்தார். 1794இல்தான் அவர்கள் மீண்டனர். எஞ்சிய ஆண்டுகளில் அவர் வேளாண்மையையும் பட்டுத் தொழிலையும் பேணினார், படையைத் திருத்தினார், காசுகளில் ஆண்டெண்ணைத் தவறாது ஏற்றிவந்தார்.

இறுதியாக 1227 வந்தது. அறுபதாண்டு வட்டத்தில் அது 53ஆவதாகிய சித்தார்த்தி. திப்புவின் கணக்கில் அதன் பெயர் பாரிஷ். பே 2, அலிப் 1, ரே 10, ஷீன் 40 எனக் கணக்குச் சரியாகவே இருந்தது. 1799 ஏப்ரல் தொடக்கத்தில் யுகாதியன்று பிறந்த அவ்வாண்டு, தன் முதல் மாதத்தைத் தாண்டுமுன் திப்புவுக்கு முடிந்துபோயிற்று. மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டையின் மதில் உடைந்தது. மன்னர் போரிட்டபடியே வாயிலருகில் வீழ்ந்தார். தேய்பிறையின் இறுதி நாட்கள் அவை. அவர் வகுத்த அஹ்மதி மாதத்தின் கடைசித் திங்கட் கலையும் மறைந்துகொண்டிருந்தது. மறுநாள் தந்தையாரின் அருகில் கும்பஸில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் கொங்கு நாடும் ஆங்கிலக் கும்பினியின் ஆட்சிக்குள் சென்றது. திப்புவின் பக்கம் நின்று பொருத தீரன் சின்னமலை, அதன்பின்னும் போராடி 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

எஞ்சிய கணக்கு

மவுலூதி ஆண்டு 1215இல் தொடங்கி 1227இல் முடிந்தது. அதனை வகுத்தவரோடு அதுவும் மறைந்தது. ஆங்கில எழுத்தாளர் சிலர் இதனை ஒரு மன்னரின் வீண் விருப்பம் என இகழ்ந்தனர். நமக்கு அது முற்றும் உண்மையாகத் தோன்றவில்லை. திங்களுக்கும் கதிருக்கும் இடையே விழும் பதினொரு நாளை எவ்வாறு ஈடுசெய்வது என்னும் வினா உண்மையானது. அதற்குத் தம் குடிகளின் பஞ்சாங்கத்திலேயே விடை தேடியது அறிவுடைமை. ஆயினும் குறையையும் மறைத்தலாகாது. 1784இல் ஒருமுறை, 1787இல் மறுமுறை என அவர் பெயர்களை மாற்றினார். ஜஃபரி மூன்றாம் மாதம் என ஊர்க்கணக்கர் மனத்தில் பதியுமுன் அது ஐந்தாம் மாதமாயிற்று. நாட்காட்டியை ஆணை பிறப்பிக்கலாம். பழக்கம்தான் அதனை வளர்க்கும். பழகுவதற்கு வேண்டிய பொறுமையை அவர் குடிகளுக்கு அளிக்கவில்லை. காலமும் அவருக்கு அளிக்கவில்லை.

இதற்கு மாறாகப் பசலியைப் பாருங்கள். 1636ஐ ஒட்டி ஹிஜ்ரி 1046 என்றிருந்த எண்ணை அப்படியே நிறுத்தி, அதன்பின் கதிராண்டாக எண்ணியதே அது. புதிய பெயர் எதுவும் மாதங்களுக்குச் சூட்டப்படவில்லை; உழவர்க்குப் பழக்கமான எதுவும் மாற்றப்படவில்லை. கும்பினி ஆட்சி வந்தது, அதற்குப்பின் விடுதலை வந்தது, பசலி நிலைத்தது. இன்றும் நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி பசலி ஆண்டின்படியே நடைபெறுகிறது. 2024 ஜூலையில் தொடங்கிய பசலி 1434. அதே திங்களில் பிறந்த ஹிஜ்ரியோ 1446. ஒரே எண்ணில் பிரிந்த இரண்டு கணக்குகளில், 388 அறுவடைகள் கழியுமுன் 400 திங்களாண்டுகள் கழிந்துவிட்டன. அந்தப் பன்னிரண்டு ஆண்டு வேறுபாடே, அரசர்கள் உழவனிடம் கேளாது விட்ட பன்னிரண்டு ஆண்டு வரியாகும்.

நம் மாணவச் செல்வங்கள் அடுத்த முறை நிலப்பதிவேட்டில் பசலி என்னும் சொல்லைக் காணும்போது, அதனுள் ஒரு பிறை ஒளிந்திருப்பதை நினைத்தல் வேண்டும். பழங்காசு ஏதேனும் கைக்கு வருமாயின், அதனை உருக்கவோ தேய்த்துப் பளபளப்பாக்கவோ இடங்கொடாமல், அதன் எழுத்தை வலமிருந்து இடமாகக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். போர்க்களத்தில் வாளோடு வீழ்ந்த திப்புவை உலகறியும். விளக்கொளியில் எழுத்தையும் எண்ணையும் கூட்டி, தம் மார்க்கத்தின் பெயர்களையும் தம் மண்ணின் பருவத்தையும் ஓர் ஆண்டுக்குள் இணைத்துவைக்க முயன்ற திப்புவையும் நாம் அறிந்திருத்தல் நலம்.